பேஸ்மென்ட்டில் இருக்கும் கண்டிப்பு கடையில் இல்லை

அமெரிக்காவில் துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். செய்து விற்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டால்தான் உற்பத்தியாளர் உரிமம் கேட்பார்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமில்லாமல் தோட்டா செய்தால் சிறைதான்.

விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகரத்துக்கு வெளியே, பக்கத்து வீட்டுப் பெரியவரின் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து நானும் தோட்டா செய்தேன். நம் ஊரில் அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் என்றாலே கிறுக்கர்கள் என்ற எண்ணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் சுட்டான், கடைவீதியில் சுட்டான் என்ற செய்திதானே நமக்கு வந்து சேர்கிறது? அந்த மேஜையில் நான் பார்த்தது கிறுக்கு அல்ல. மருந்தாளுநராக வேலை செய்யும் எனக்கே பொறாமை வரும் அளவுக்குக் கவனம். என் புகார் அந்தக் கவனத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நான் அருவங்காட்டில் பிறந்தவள். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலில் வெலிங்டன் தாண்டி வரும் ஸ்டேஷன். வெள்ளைக்காரன் 1903இல் அங்கே கார்டைட் தொழிற்சாலையை நிறுவினான். கார்டைட் என்பது பிரிட்டிஷ்காரர்கள் 1889இல் கொண்டுவந்த புகையில்லா வெடிமருந்து. அப்பா அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் கேட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெரிய அதிகாரியோ கூட்டுகிறவரோ, தடவிப் பார்க்காமல் விட மாட்டார்கள். "இத்தனை வருசம் வேலை பார்த்தவரையும் தினம் தடவிப் பார்க்கிறாங்களே, உங்களுக்குக் கோபம் வராதாப்பா?" என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். "கேட்டுக்கு என்னம்மா தெரியும், நான் யாருன்னு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டுவார்.

ஹெச்-1பி விசாவில் இருந்தவரை துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே எனக்குச் சட்டச் சிக்கல். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்ததும் அந்தத் தடை போயிற்று. ஆசைதான் வரவில்லை. பெரியவர் கூப்பிட்டதால் போனேன். மில்வாக்கிப் பட்டறை ஒன்றில் டூல் அண்டு டை மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாள் நடக்கும் மான் வேட்டைதான் அவருக்குத் தீபாவளி. கண் மங்கிவிட்டது, தராசு முள்ளைப் படிக்க இன்னொரு ஜோடிக் கண் தேவை. "டாக், நீ எடை பார்க்கிற ஆள்தானே?" என்றார். மருந்தாளுநர் பட்டத்தை வைத்து என்னை டாக்டராக்கிவிட்டவர் அவர்.

தோட்டாவில் நாலே சாமான்கள்: பித்தளை உறை, பிரைமர், பவுடர், குண்டு. சுட்டு முடித்ததும் மிஞ்சுவது உறை ஒன்றுதான். அதைப் பொறுக்கி வந்து திரும்ப நிரப்புவதைத்தான் இங்கே ரீலோடிங் என்கிறார்கள். வெடிக்கும்போது பித்தளை விரிந்து துப்பாக்கியின் உள்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி விரிந்த உறைக்கு மெழுகு தடவி, பிரஸ்ஸில் பொருத்தி, நெம்புகோலை இழுத்தால் எஃகு டைக்குள் போய்ப் பழைய அளவுக்குச் சுருங்கி வருகிறது. அதே இழுப்பில் உள்ளே இருக்கும் ஊசி செத்துப்போன பிரைமரைத் தட்டித் தள்ளிவிடும். கை தானாகப் பழகிவிடுகிறது.

பழகாதது, உறையைப் பார்க்கிற பார்வை. ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை கொஞ்சம் முன்னோக்கி நகர்கிறது. உறை நீள்கிறது, அடிப்பக்கச் சுவர் உள்ளுக்குள் மெலிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெரியவர் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து வைத்திருக்கிறார். அதை உறைக்குள் விட்டு, சுவரை ஒட்டி மெதுவாக மேலே இழுக்க வேண்டும். அடியில் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்பட்டால் அந்த உறை அடுத்த வெடிப்பில் இரண்டாகப் பிளக்கக்கூடியது. எனக்கு முதலில் எதுவும் தட்டுப்படவில்லை. அவர் கெட்டது ஒன்றையும் நல்லது ஒன்றையும் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறி இழுத்துப் பார்க்கச் சொன்னார். பல் மருத்துவர் சொத்தையைத் தேடுகிற மாதிரி விரல் நுனிக்குப் புரிந்தது. கெட்டதை வெறுமனே குப்பையில் போட மாட்டார். குறட்டால் நசுக்கி, பழைய காபி டப்பாவில் போடுகிறார். யாராவது தெரியாமல் எடுத்து நிரப்பிவிடக் கூடாதாம்.

அப்புறம் வெர்னியரால் நீளம் பார்த்து, அதிகமானதை வெட்டி, பிரைமர் பொருத்த வேண்டும். பிரைமர் என்பது நகத்தளவுகூட இல்லாத ஒரு கிண்ணம். அடிபட்டால் வெடிக்கும் ஈயச் சேர்மம் அதில் இருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்தப் பெட்டியைத் திறக்கவே விட மாட்டார். டிவி கிடையாது, செல்போன் மாடியில், பேச்சு வேலையைப் பற்றி மட்டும்.

பவுடர் கட்டத்துக்கு வந்ததும் அவர் குரலே மாறிவிடுகிறது. மேஜையில் ஒரே ஒரு புட்டிதான் இருக்கலாம். இன்னொரு வகைப் பவுடர் அந்த அறையில் திறந்திருக்கவே கூடாது. இரண்டு கையேடுகளை விரித்து வைக்கிறார், ஒன்று பவுடர் கம்பெனியுடையது, இன்னொன்று குண்டு கம்பெனியுடையது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குறைந்த அளவுதான் கணக்கு. அதிலும் தொடக்க அளவிலிருந்துதான் ஏற வேண்டும், உச்ச அளவிலிருந்து தொடங்கவே கூடாது. அவருடையது .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா. அது வெடிக்கும்போது உள்ளே அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிப்பது முப்பதுக்குச் சற்று மேல். இதைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு சுட வேண்டும்.

எடையெல்லாம் கிரெயினில். 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு கிரெயின் 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. எனக்கு இது பழைய சொந்தம். அமெரிக்க ஆஸ்பிரின் மாத்திரை 325 மில்லிகிராம் என்ற விநோத எண்ணில் இருப்பது ஏன்? முன்காலத்து மருந்துக் கடைக்காரர் அதை 5 கிரெயின் என்று நிறுத்துக் கொடுத்தார். அளவு மாறியும் மாத்திரை மாறவில்லை. இங்கேயோ கிரெயினில் பத்தில் ஒரு பங்குக்குச் சண்டை. சாம்பல் நிறத்தில் பொடிக் குச்சிகளாக இருக்கும் பவுடரை ஒரு குழாய் வழியாக, திருகைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு குச்சியாகத் தட்டில் விழச் செய்கிறோம். தராசின் தண்டு அசைந்து நிற்கும்வரை மூச்சுக்கூட விடக் கூடாது. புட்டியைத் திறந்தபோது லேசாக வந்த கரைப்பான் வாசனை எனக்குத் தெரிந்த வாசனை, அப்பாவின் காக்கிச் சட்டையில் இருந்தது. பெரியவரிடம் சொன்னேன். அருவங்காடு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நீ எனக்கு முன்பே ஆரம்பித்துவிட்டாய்" என்றார்.

முள் நின்ற எண்ணை நான் உரக்கச் சொல்வேன். அவர் திருப்பிச் சொல்லி, நோட்டில் எழுதி, பிறகுதான் உறையில் கொட்டுவார். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கீமோ மருந்து கலக்கும்போது நாங்கள் செய்வது இதுவேதான். ஒருவர் அளந்ததை இன்னொருவர் தனியாகச் சரிபார்க்காமல் வெளியே போகாது. நிரப்பிய உறைகளைத் துளைகள் போட்ட மரக்கட்டையில் வரிசையாக நிறுத்தி, மேலிருந்து டார்ச் அடித்து, எல்லாவற்றிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்தோம். அப்புறம் குண்டைப் பொருத்தி, மொத்த நீளம் அளந்து, பெட்டியில் அடுக்கி, லேபிள். தேதி, பவுடரின் பெயர், எடை, குண்டு, உறை எத்தனையாவது முறை. கீழே இரண்டு கையெழுத்து. செய்தவர் இடத்தில் என்னைப் போடச் சொன்னார், சரிபார்த்தவர் அவர்.

அவர் வீட்டில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் சத்தம் போட்டேன். சுட்ட உறைகளைச் சோளக்கட்டைத் தூளோடு உருட்டிச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை பேஸ்மென்ட்டிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தூசியில் பிரைமரின் ஈயம் கலந்திருக்கும். பேரப்பிள்ளைகள் வந்து விளையாடுகிற இடம். இயந்திரம் இப்போது கராஜுக்குப் போய்விட்டது, முகக்கவசமும் உண்டு.

இதில் காசு மிச்சமா என்று கேட்பீர்கள். கடையில் 20 தோட்டா கொண்ட பெட்டி 30, 40 டாலர் என்று விற்கிறது; வீட்டில் செய்தால் குறைவு. ஆனால் மிச்சமானதையெல்லாம் கூடுதலாகச் சுட்டே தீர்த்துவிடுவார்கள் என்பது இவர்களே தங்களைப் பற்றிச் சொல்லும் கிண்டல். இந்தப் பழக்கம் பரவியதற்குப் பின்னால் இரண்டாம் உலகப் போர் இருக்கிறது. சந்தையில் தோட்டா கிடைக்காத போர்க்காலத்தில், 1943இல், கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் ஃப்ரெட் ஹண்டிங்டன் தொடங்கிய கருவிக் கம்பெனிதான் இன்றைய ஆர்சிபிஎஸ். போர் முடிந்ததும் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் ராணுவத்தின் உபரிப் பவுடரை மொத்தமாக வாங்கி, கன்சாஸிலிருந்து சில்லறையில் விற்றார். 1958இல் எங்கள் விஸ்கான்சினிலேயே ரிச்சர்டு லீ என்பவர் சுத்தியலால் தட்டியே தோட்டா செய்யக்கூடிய ஒரு சின்னக் கருவிப்பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் கம்பெனி இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஹார்ட்ஃபோர்டில் இருக்கிறது. வேட்டைக்காரர், விவசாயி, பட்டறைத் தொழிலாளி என்று சிக்கனக்காரர்கள் வளர்த்த கலை இது. 2020க்குப் பிறகு பிரைமருக்குப் பெரும் தட்டுப்பாடு வந்து விலை பல மடங்கு ஏறியபோது, பழைய கையிருப்பை வைத்துக்கொண்டு எண்ணி எண்ணிச் சுட்டவர்களும் இவர்களே.

கிளப் மைதானத்துக்குப் போய் நாங்கள் செய்ததைச் சுட்டோம். தோளில் இடித்தது, காகிதத்தில் ஓட்டை விழுந்தது, உறை பிளக்கவில்லை. எனக்கு அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் பவுடர் வாங்க ஒரு கடையில் நிறுத்தினார். எங்கள் சச்சரவு அங்கேதான் ஆரம்பமாயிற்று. ஒரு பவுண்டு பவுடர், 1,000 பிரைமர். பணம் கொடுத்தார், பையை வாங்கிக்கொண்டார், வந்துவிட்டார். உரிமம் பெற்ற வியாபாரியிடம் துப்பாக்கி வாங்கினால் எஃப்பிஐயின் உடனடிச் சோதனை உண்டு. தோட்டாவுக்கும் அதன் சாமான்களுக்கும் மத்தியச் சட்டத்தில் அது இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் துப்பாக்கியோடு தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்று அதே சட்டம் தடுக்கிறது. தோட்டா என்பதற்கு அது தரும் வரையறையில் வெறும் உறை, பிரைமர், குண்டு, பவுடர் எல்லாம் அடக்கம். அதாவது அப்படிப்பட்ட ஆள் ஒரு பிரைமரைக் கையில் வைத்திருந்தாலே குற்றம். ஆனால் ஆயிரம் பிரைமரை அவருக்கு விற்கிற கடைக்காரர் யார், எவர் என்று சோதிக்க வேண்டியதில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டா வியாபாரிக்கு உரிமமும் விற்பனைப் பதிவேடும் கேட்டது. பதிவேட்டால் பயனில்லை, எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்று வாதாடி, 1986இல் அதையெல்லாம் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள்.

நான் நிற்கிற கவுன்ட்டரைச் சொல்கிறேன். சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரையை அலமாரியில் வைத்து விற்க எங்களுக்கு அனுமதியில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் வைக்க வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3.6 கிராமுக்கு மேல் தரக் கூடாது. அதிலிருந்து மெத் என்ற போதைப்பொருள் காய்ச்சுகிறார்கள் என்பதால் 2005ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு. மூக்கடைப்போடு வருகிற பாட்டியிடம் நான் அட்டை கேட்கிறேன். அவர் மெத் காய்ச்சுவார் என்று நினைத்தா கேட்கிறேன்?

இதைச் சொன்னதும் பெரியவர் விடவில்லை. "மெத் ஒழிந்துவிட்டதா? மெக்சிகோவிலிருந்து வண்டி வண்டியாக வருகிறதே" என்றார். உண்மைதான், வருகிறது. ஆனால் வீட்டுச் சமையலறையில் காய்ச்சித் தீப்பிடித்து, குழந்தைகளோடு வெந்துபோன கதைகள் முன்னைப்போல இல்லை. ஒரு சோதனை எல்லாவற்றையும் தடுக்காவிட்டால் எதையுமே தடுக்கவில்லை என்று ஆகிவிடுமா? அவருடைய பேப்பர் கிளிப்பும்தான் எல்லாக் கெட்ட உறையையும் பிடித்துவிடாது. அதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிட்டாரா?

அவருடைய வலுவான வாதம் வேறு. வீட்டில் தோட்டா செய்கிறவன் கொலைகாரன் அல்ல, கொலைகாரனுக்கு இந்தப் பொறுமை கிடையாது, அவன் கடையில் பெட்டி பெட்டியாக வாங்குவான் என்கிறார். பெரும்பாலும் சரி. இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொள்கிறவர்கள் என்பதையும் நானே சேர்த்துக்கொள்கிறேன். அவர்களில் பலரைக் கடைச் சோதனை எட்டாது. ஆனால் "பெரும்பாலும்" என்பதற்கு வெளியேயும் ஆள் இருக்கிறார்கள். 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸில் ஓட்டல் ஜன்னலிலிருந்து கச்சேரிக் கூட்டத்தைச் சுட்டவனின் அறையில், சுடப்படாமல் கிடந்த சில தோட்டாக்களில் வேறொருவரின் கைரேகை இருந்தது. அரிசோனாவில் வீட்டுப் பட்டறையில் தோட்டா செய்து விற்றுக்கொண்டிருந்த ஒருவருடையது அது. உரிமமில்லாமல் உற்பத்தி செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2020இல் 13 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். கொலையில் அவருக்குப் பங்கில்லை. யாருக்கு விற்கிறோம் என்று பார்க்க வேண்டிய இடத்தில் அவர் நிற்கவே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

நான் கேட்பது புதிதும் அல்ல. மில்வாக்கியிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் இல்லினாய்ஸ் வந்துவிடும். அந்த மாநிலத்தவர் தோட்டா வாங்க மாநில அட்டை காட்ட வேண்டும். 1968 முதல் அப்படித்தான். கலிஃபோர்னியா 2019 ஜூலையிலிருந்து ஒவ்வொரு தோட்டா விற்பனைக்கும் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கத் தொடங்கியது. அதை எதிர்த்து நீதிமன்றத்தில் இழுபறி. நியூயார்க் 2023 செப்டம்பரில் தொடங்கியது. அங்கெல்லாம் மான் வேட்டை நின்றுவிடவில்லை.

பெரியவருக்கு உறுத்துவது அவமானம். வாழ்நாள் முழுக்க ஒரு தவறில்லாமல் வேலை செய்த தன்னைக் கடைக்காரப் பையன் சந்தேகத்தோடு பார்ப்பான் என்கிறார். நான் அருவங்காட்டுக் கேட்டைப் பற்றிச் சொன்னேன். சரிபார்க்கப்படுவது சந்தேகிக்கப்படுவது அல்ல என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த வீட்டில் நான் வளர்ந்தேன். என் மருந்தை இன்னொருவர் சரிபார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, நிம்மதி வருகிறது. இவருக்கும் அப்படித்தான்; நான் தராசைப் படித்தபோது அவர் முகத்தில் பார்த்தேன். தன் பேஸ்மென்ட்டில் இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியை மூட மாட்டார். அந்தப் பவுடர் வரும் கடையில் ஒரு கையெழுத்து கேட்டால் மட்டும் சுதந்திரம் போய்விடுகிறது!

எங்கள் மாநில சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினேன். தோட்டா, பிரைமர், பவுடர் மூன்றுக்கும் துப்பாக்கிக்கு இருப்பது போன்ற உடனடிச் சோதனை வேண்டும். வீட்டில் செய்ய உரிமம் கேட்க வேண்டாம், அந்த மேஜையை அரசு தொட வேண்டியதில்லை. பெரியவரிடம் காட்டினேன். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எப்படியும் வரப்போகிறதென்றால் இரண்டு விஷயம் இருக்க வேண்டும் என்றார். பதில் கவுன்ட்டரில் நிற்கும்போதே வர வேண்டும், நாள் கணக்கில் இழுக்கக் கூடாது. துப்பாக்கிச் சோதனையில் தேறியவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிடும் விதி இதற்கும் பொருந்த வேண்டும். இரண்டும் நியாயம், சேர்த்துக்கொண்டேன். அவரும் கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். சரிபார்த்தாகிவிட்டது, ஒப்புக்கொள்ளவில்லை என்றார். என் கையெழுத்தோடு அனுப்பியிருக்கிறேன்.